பழங்கற்படியும் வன்தட்டும்

(தஞ்சையில் நிகழ்ந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினியின் வன்தட்டை அடியோடு துடைத்துவிட்டு அதில் இயங்குதளத்தை மறுபடியும் நிறுவுவது என்பது பழுதுபார்க்கும் கடையில் அரை நாளில் முடிந்துபோகிற காரியம். அதைப் பொதுமேடையில் வைத்து ஆராய வேண்டிய அவசியம் என்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். "ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டுக் குடுங்க" என்று சொல்லி இயந்திரத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புகிறவர்களைத் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நாம் தினந்தோறும் காண்கிறோம். அப்படி ஒப்படைப்பதற்கும் இயந்திரம் திரும்பக் கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில், ஒரு குடும்பத்தின் பல வருஷத்துப் புகைப்படங்களும் ஒரு சங்கத்தின் தீர்மானக் குறிப்புகளும் மீட்க முடியாதபடி மறைந்துபோவதும் உண்டு. மறைந்துவிட்டதாக எண்ணப்பட்டவை மறையாமலேயே இருந்து அந்நியர் கைக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. இழக்கக் கூடாததை இழக்கவும், கொடுக்கக் கூடாததைக் கொடுக்கவும் ஒரே செயல் இடமளிக்குமானால், அது பொதுமேடையில் பேசத்தக்க விஷயமே என்பது என் அபிப்பிராயம்.

அதிலும் இந்தக் காலம் அதைப் பேசியே தீரவேண்டிய காலமாக இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின், அதற்கு முன் கணினியையே கண்டிராத பல லட்சம் வீடுகளுக்குள் அது நுழைந்தது. ஒரத்தநாட்டிலும் திருத்துறைப்பூண்டியிலும் ஓட்டு வீட்டு மாடத்தில் இன்றும் அந்த இயந்திரங்கள், வேகம் குறைந்து, பிள்ளைகளின் கல்லூரிச் சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு கிடக்கின்றன. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. 2025 அக்டோபர் 14 அன்றோ, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி அளித்துவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய இயந்திரங்களை ஏற்பதில்லை. ஆகையால் எண்ணற்ற கணினிகள் துடைக்கப்படவும், கைமாறவும், புதுத்தளம் ஏற்கவும் வேண்டிய கட்டத்தில் நாம் நிற்கிறோம்.

இத்தகைய கட்டம் காவிரிக்கரைக்குப் புதிதன்று. கும்பகோணத்திற்கு வடகிழக்கே, காவிரியின் வடகரையில், திருக்கோடிக்காவல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமான செம்பியன் மாதேவியார், 10ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுச் செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியமைத்தபோது, அவ்வூர்க் கோயிலையும் புதுக்கினார். பழைய கோயிலைச் சேர்ந்த கற்களிலே முன்னோர் விட்டுச்சென்ற சாசனங்கள் இருந்தன. பல்லவர் காலத்தனவும் அவற்றுள் உண்டு. இன்னார் இவ்வளவு பொன் கொடுத்தார், அதன் பலிசையாகிய வட்டியிலிருந்து இந்த விளக்கு அணையாமல் எரியவேண்டும் என்பன போன்ற நிபந்தங்கள் அவை. பழைய கட்டிடம் போகட்டும், பழைய எழுத்தும் அதனோடு போகட்டும் என்று அந்த அம்மையார் விட்டுவிடவில்லை. அச்சாசனங்களைப் படியெடுத்துப் புதிய கற்சுவரில் பொறிக்கச் செய்தார். அப்படிப் பொறித்தபோது, இது பழங்கல்லிலிருந்து எடுத்த படி என்று அதிலேயே தெரிவிக்கவும் செய்தார்.

அன்பர்களே! அந்தச் செயலின் ஒழுங்கைச் சற்றே கவனியுங்கள். முதலில் எது காக்கத்தக்கது என்று தேர்ந்தார்கள். பிறகு அதைப் படியெடுத்தார்கள். படி இன்னதிலிருந்து வந்தது என்று அடையாளமும் இட்டார்கள். பழையது நீங்கவும் புதியது எழும்பவும் அதற்குப் பின்னரே நியாயம் உண்டாயிற்று. படியெடுத்தவனுக்கே அழிக்கும் உரிமை உண்டு என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்க வந்த ஒரே கருத்து. மற்றவை எல்லாம் அதன் விரிவுரை.

இதே ஆற்றங்கரை இதற்கு மாறான காட்சியையும் கண்டதுண்டு. பனையோலை ஏடு நெடுங்காலம் நிலைக்காது. செல்லும் பூச்சியும் அதைத் தின்னும். ஆகையால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டு, சிதைந்ததை ஆடிப்பெருக்கன்று ஆற்று வெள்ளத்தில் விடுவது நம்மவர் வழக்கமாக இருந்தது. படியெடுக்கும் பழக்கம் தளர்ந்துபோன தலைமுறைகளிலோ, ஆற்றில் விடும் பழக்கம் மாத்திரம் எஞ்சி நின்றது. எழுதிக்கொள்ளாமலே விட்ட சுவடிகள் எத்தனையோ. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் அவர்கள், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த காலத்தில், வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் இரையான சுவடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு எவ்வளவு மனம் நொந்தார் என்பதைத் தமிழுலகம் அறியும். அழிக்கும் சடங்கு இருந்து, படியெடுக்கும் கடமை மறந்துபோனால் என்ன நேரும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இனி வன்தட்டுக்கு வருவோம். 1956இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் வன்தட்டில், இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அதைப்போல் பல லட்சம் மடங்கு தாங்கினாலும், சுழலும் தட்டின் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டின்மேல் சிறு சிறு புள்ளிகள் இருவகைத் திசைகளில் காந்தமேற்றப்படுகின்றன; அவையே நம் எழுத்தும் படமும் பாட்டும். எந்தக் கோப்பு தட்டின் எந்தெந்தப் பகுதியில் கிடக்கிறது என்பதைக் குறிக்கும் அட்டவணை ஒன்று தனியே இருக்கிறது.

நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது, குப்பைக்கூடையையும் காலி செய்துவிட்டபோதுங்கூட, பெரும்பாலும் அந்த அட்டவணையிலுள்ள குறிப்பு மாத்திரமே நீங்குகிறது. பட்டாவிலிருந்து ஒருவர் பெயரை அடித்துவிட்டால் வயலில் நிற்கிற பயிர் அந்த நிமிஷமே மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் வந்து உழுது நடுகிற வரையில் அது அங்கேதான் நிற்கும். கோப்பும் அப்படியே. அதன் இடத்தில் வேறு கோப்பு எழுதப்படும் வரையில், சுழலும் தட்டிலே அது கிடந்தபடி கிடக்கிறது. தகுந்த மென்பொருள் கொண்டு தேடுகிறவர் அதைக் கண்டெடுக்கலாம். விரைவு ஃபார்மட் என்று சொல்லப்படுவதும் இத்தகையதே: அது புதிய வெறும் அட்டவணை ஒன்றை எழுதிவைக்கிறதே தவிர, தட்டைத் துடைப்பதில்லை. விண்டோஸ் விஸ்டா காலம் முதல், முழு ஃபார்மட் என்பது ஒவ்வோரிடத்திலும் சுழியம் எழுதிச் செல்கிறது. விரைவு ஃபார்மட் சில விநாடிகளில் முடிவதற்கும் முழு ஃபார்மட் பல மணி நேரம் ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

இந்த உண்மையிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. தவறுதலாக ஒன்றை அழித்துவிட்டவர், உடனே அந்த இயந்திரத்தில் வேறு எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டால் மீட்சிக்கு இடம் உண்டு. பதற்றத்தில் புதுத்தளத்தை அதன்மேல் நிறுவிவிட்டால் அந்த இடம் குறைந்துபோகும். இயந்திரத்தை விற்கப்போகிறவருக்கோ, அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதற்கு எவ்வித முகாந்தரமும் இல்லை.

முதற்கடமையாகிய படியெடுத்தலை எடுத்துக்கொள்வோம். நம் கடைகளில் ஒரு கேள்வி வழக்கமாக எழும்: "டேட்டா எல்லாம் டி டிரைவ்ல இருக்கா சார்?" ஒரே வன்தட்டைச் சி என்றும் டி என்றும் பிரித்து, சி பகுதியில் இயங்குதளத்தையும் டி பகுதியில் நம் கோப்புகளையும் வைத்துக்கொண்டால், சி பகுதியை மாத்திரம் துடைத்துப் புதுத்தளம் போடலாம் என்பது அந்தக் கேள்வியின் கருத்து. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முகப்புத் திரையில் நாம் போட்டுவைக்கும் கோப்புகளும், ஆவணங்கள், பதிவிறக்கங்கள் என்னும் உறைகளில் சேர்பவையும் சாமானியமாகச் சி பகுதியிலேயே தங்குகின்றன என்பதைப் பலர் அறியார். தவிரவும், நிறுவும்போது தோன்றும் திரையில் பகுதிகளைத் தேர்கிற இடத்தில் ஒரு முறை பிசகினாலும், டி பகுதியும் சேர்ந்து போய்விடும். இரண்டும் ஒரே தட்டில் இருப்பதால், தட்டே பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும். ஆகையால் டி பகுதியில் இருப்பது படியாகாது. வேறொரு பொருளில், வேறோர் இடத்தில் இருப்பதே படி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மாத்திரம் உரிய ஓர் அபாயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வானவில், ஸ்ரீலிபி, பாமினி முதலான எழுத்துருக்களில் பல வருஷங்கள் தட்டச்சு செய்திருக்கிறோம். அவற்றில் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்திலே தமிழ் வடிவங்களைப் பொருத்திச் செய்தவை. கோப்பைப் பத்திரமாகப் படியெடுத்துவிட்டு, எழுத்துருவை எடுத்துவைக்க மறந்து தட்டைத் துடைத்தோமானால், புதுத்தளத்தில் அந்தக் கோப்பு திறக்கும்; ஆனால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே திரை முழுவதும் நிற்கும். கோயில் திருப்பணிக் கணக்கும், தலபுராணக் கையெழுத்துப் பிரதியும், சங்கத்தின் தீர்மானமும் இவ்வாறு கண்ணெதிரே இருந்தும் படிக்க முடியாதவை ஆகிவிடக்கூடும். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தமிழுக்குரிய தரமாக ஏற்றது. ஆகையால், துடைப்பதற்கு முன்பே பழைய எழுத்துருக்களைத் தனியே எடுத்துவையுங்கள். கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதையும் மூலத்தையும் இரண்டையுமே காப்பாற்றுங்கள். செம்பியன் மாதேவியார் செய்வித்ததுபோல, எது மூலம், எது படி என்று பெயரிலேயே குறித்துவையுங்கள்.

கணக்கு எழுதும் டேலி போன்ற மென்பொருளின் தரவு எந்த உறையில் இருக்கிறது, டிஜிட்டல் கையொப்பச் சான்று எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எவை, தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோல் யாரிடம் உள்ளது என்ற இவற்றையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். படி இரண்டாக இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துப் போட்டதைக் கண்ணால் கண்ட நமக்கு, ஒரே கூரையின்கீழ் வைத்த இரண்டு படிகள் ஒரு படிக்கே சமானம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எடுத்த படியை வேறொரு கணினியில் திறந்து, நடுப்பக்கம் ஒன்றையும் கடைசிப் பக்கம் ஒன்றையும் படித்துப் பார்த்த பின்னரே அதைப் படி என்று சொல்லுங்கள்.

இரண்டாவது கடமை, முழுதாய் அழித்தல். இயந்திரம் நம் வீட்டிலேயே தொடர்ந்து இருக்குமானால் இதற்கு அவசரமில்லை. பிறர் கைக்குப் போகுமானால் இதைக் காட்டிலும் முக்கியமானது வேறில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்னும் இருவர், பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிப் பரிசோதித்து, 2003இல் தம் முடிவை வெளியிட்டார்கள். இயங்கும் நிலையிலிருந்த 129 தட்டுகளில், முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவ விவரங்கள், அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் கிடந்தன. அங்கே அப்படி என்றால், இங்கே நிலைமை என்ன என்று ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். நம் கடன் சங்கங்கள் பலவற்றில் பொது இ-சேவை மையங்களும் நடக்கின்றன. குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டு வருகிற விவசாயி, தம் ஆதார் அட்டையையும், வங்கிக் கணக்குப் புத்தகத்தையும், சிட்டா அடங்கலையும் நம்பிக்கையோடு நீட்டுகிறார். ஊழியர் அதை ஸ்கேன் செய்து தட்டில் வைக்கிறார். அந்தத் தட்டுக்குச் சங்கம் காவலனே ஒழிய, அதிலுள்ள எழுத்துக்கு உடையவர் அந்த விவசாயிதான். 2023இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உட்கருத்தும் இதுவே.

எப்படித் துடைப்பது? 1996இல் பீட்டர் குட்மன் என்னும் அறிஞர், அக்காலத்துத் தட்டுகளைக் கருதி, முப்பத்தைந்து முறை மேலெழுதும் முறை ஒன்றைச் சொன்னார். அதையே இன்றும் வேதவாக்காகக் கொண்டு நாட்கணக்கில் இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்கத் தர நிறுவனமாகிய நிஸ்ட், 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், இக்காலத்துக் காந்தத் தட்டுக்கு ஒரு முறை முழுவதும் மேலெழுதினாலே சாமானியமாகப் போதும் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டின் இயல்பு வேறு. அதன் நினைவணுக்கள் சமமாகத் தேயவேண்டும் என்பதற்காக, நாம் எழுதச் சொன்னதை அது தானாக வேறு வேறு இடங்களில் எழுதுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. மேலெழுதுவது அதற்கு எப்போதும் போதுமானதல்ல என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் 2011இல் காட்டினார்கள். தயாரிப்பாளர் தருகிற பாதுகாப்பு அழிப்புக் கட்டளையை உபயோகிப்பதும், தொடக்கத்திலிருந்தே தட்டை மறைகுறியாக்கிப் பூட்டிவைத்து, முடிவில் திறவுகோலை அழித்துவிடுவதுமே அதற்கு ஏற்ற வழிகள்.

மூன்றாவது, புதிதாய் நிறுவுதல். இயங்குதளத்தின் முழுப் பிம்பத்தை அதை வெளியிடுகிறவரின் சொந்த இடத்திலிருந்தே பெற்று, பென் டிரைவில் ஏற்றி, கணினி எழும்போது அதிலிருந்தே தொடங்கச் செய்து, பகுதிகளை வகுத்து நிறுவவேண்டும். பின்பு அந்த இயந்திரத்துக்குரிய இயக்கிகளையும் புதுப்பிப்புகளையும் சேர்க்கவேண்டும். இவற்றைக் கைப்பழக்கம் சொல்லித்தரும்; நான் விவரிப்பது அநாவசியம். ஆனால் ஒன்றை வற்புறுத்துவேன்: விலை மிச்சம் என்று கருதித் திருட்டுப் பிரதியை நிறுவாதீர்கள். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறித்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. திருத்தத்தை ஏற்காத இயந்திரங்களே வீழ்ந்தன. திருட்டுப் பிரதிகள் பலவும் புதுப்பிப்பு நிறுத்தப்பட்ட நிலையிலேயே ஓடுகின்றன.

விலை கொடுக்க இயலாதவர்களுக்கும், புதிய விண்டோஸை ஏற்காத பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும், லினக்ஸ் என்னும் கட்டற்ற தளம் கைகொடுக்கும். நம் சென்னையிலேயே, சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. இன்னும் எளிய இயந்திரங்களுக்கேற்ற இலேசான வகைகளும் இருக்கின்றன. அரசு கொடுத்த மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடும் முன், அதில் இத்தகைய தளம் ஒன்றை நிறுவிப் பாருங்கள். ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் படிக்கவும் எழுதவும் இன்னும் சில வருஷங்கள் அது பிரயோஜனப்படும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடன் சங்கங்களின் நிர்வாகிகளே! சம்பா, தாளடி நெல் கொள்முதல் ஓய்ந்த பிறகு, குறுவைக்கு மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால், கோடையிலே உங்களுக்குச் சிறிது அவகாசம் கிடைக்கிறது. துடைக்கவேண்டிய கணினிகளை அப்போது துடையுங்கள். அதற்கு முன் நிர்வாகக் குழுவில் தீர்மானம் ஒன்று எழுதுங்கள்: இன்ன இன்ன தரவுகள் படியெடுக்கப்பட்டன, இன்ன இடங்களில் வைக்கப்பட்டன, வேறு கணினியில் இருவர் திறந்து பார்த்தனர், ஆகவே அழிக்க அனுமதி வழங்கப்படுகிறது என்று. திறந்து பார்த்த அந்த இருவரும் அதன்கீழ்க் கையெழுத்திடட்டும். மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் போதிக்கும் ஆசிரியர்களே! மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தம் கையாலேயே படியெடுத்து, துடைத்து, தளம் நிறுவிப் பார்க்கும்படி செய்யுங்கள். கடையில் வேலை செய்யும் தம்பிகளே! சாமான் கைக்கு வந்ததும், படி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட இயலாதவர்களுக்கு நீங்களே எடுத்துக்கொடுத்து, அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது நியாயமான கூலி. கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுக்கவேண்டிய கூலி.